சிறை வாசலில் முதல் ஆறு மாதம்

சிறைப்பணிக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் டிசம்பரில்தான் வருகிறார்கள். கேக், பாடல் குழு, கீபோர்டு, நூறு பேருக்குப் புது லுங்கி என்று ஒரே பரபரப்பு. ஜனவரி பிறந்ததும் ஆளைக் காணோம். மே மாத வெயிலில் கையில் ஒன்றுமில்லாமல் போய், போன மாதம் பார்த்த அதே ஆறு பேரைப் பார்த்துவிட்டு வருகிறவர்தான் சிறைக்கு வேண்டியவர். இந்த அத்தியாயம் அவருக்காக.

சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவதைப் பற்றிச் சொல்லும் மத்தேயு 25ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரியும். அதனால் ஏன் போக வேண்டும் என்பதை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பதற்கே வருகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உள்ளே போய்ப் பேசுவது இந்த வேலையில் கால் பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் வெளியே நடக்கிறது: நீதிமன்ற வளாகத்தில், கடலோரக் குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில், விடுதலையானவர் பேருந்துக்கு நிற்கும் இடத்தில். பேச மட்டும் ஆசைப்படுகிறவர் வேறு ஊழியம் பார்க்கலாம்.

எந்தச் சிறை?

நம் பகுதியில், செங்கல்பட்டில் கிளைச் சிறை இருக்கிறது. ஊர்க்காரர்கள் ‘சப்-ஜெயில்’ என்பார்கள். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ரிமாண்ட் ஆனவர்கள். இன்று இருப்பவர் அடுத்த வாரம் இருக்க மாட்டார். ஆகவே பாட வரிசை, பத்து வாரப் பயிற்சி என்று திட்டம் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஒரே சந்திப்பில் ஒருவருக்கு என்ன செய்ய முடியுமோ அதுதான் அங்கே வேலை.

நீண்ட நாள் காவலில் இருப்பவர்களும் தண்டனை பெற்றவர்களும் புழலில் இருப்பார்கள். சென்னை மத்திய சிறை 2006இல் அங்கே மாறியது. ஒரே வளாகத்தில் மூன்று சிறைகள் உண்டு: தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனிச்சிறை ஒன்று. மாமல்லபுரத்திலிருந்து சாலை வழியே எழுபது கிலோமீட்டருக்கு மேல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடியிருக்கும் ஒரு பெண் கணவரைப் பார்க்க ‘மனு போட’ப் போனால் அன்றைய கூலி போய்விடும், போக வரப் பேருந்துச் செலவு வேறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செங்கல்பட்டில் சிறுவர்களுக்கான அரசு இல்லமும் உண்டு. அதற்கு விதிகள் வேறு, துறையும் வேறு. தனியாகவே சொல்கிறேன்.

தனியாகப் போகாதீர்கள்

தனியாள் மனுவைச் சிறைத்துறை அவ்வளவாக மதிப்பதில்லை. அது நியாயமும்கூட, உங்களை யாரென்று அவர்களுக்குத் தெரியாதே! ஒரு அமைப்பின் கீழ் போங்கள். கத்தோலிக்கருக்கு 1981இல் கேரளத்தில் தொடங்கிய இந்தியச் சிறைப்பணி அமைப்பு இருக்கிறது, ஆயர் பேரவையோடு இணைந்தது. செங்கல்பட்டு 2002 முதல் தனி மறைமாவட்டம் என்பதால் ஆயர் இல்லத்தில் விசாரித்தால் வழி காட்டுவார்கள். தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் இருப்பவர்கள் முதலில் தங்கள் போதகரிடம் கேட்கலாம். அல்லது 1976இல் அமெரிக்காவில் சார்லஸ் கோல்சன் தொடங்கிய பிரிசன் ஃபெலோஷிப்பின் இந்தியக் கிளையை அணுகலாம். கோல்சன் வாட்டர்கேட் விவகாரத்தில் தாமே சிறைக்குப் போய் வந்தவர்.

ஒரே ஊரில் மூன்று சபைகள் மூன்று நாளில் போய், அதே ஆட்களுக்கு அதே சோப்பைக் கொடுத்துவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே போகிறவர்கள் யார் என்று கேட்டு, அவர்கள் போகாத வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி: படிப்படியாக

1. உங்கள் அமைப்பின் கடிதத்தாளில் சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதுங்கள். யார் யார் வருகிறீர்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், என்ன செய்யப் போகிறீர்கள் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். ‘ஆத்துமாக்களை ஆதாயம் செய்ய’ போன்ற சபை மொழி அதில் வேண்டாம். ‘ஆற்றுப்படுத்துதல், ஜெபம், எழுத்தறிவு’ என்று நடப்பதை நடக்கிறபடி எழுதுங்கள்.

2. ஒவ்வொருவருக்கும் ஆதார் நகல், இரண்டு புகைப்படம், காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று இணையுங்கள். சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

3. குழுவில் யாருக்காவது அந்தச் சிறையில் உறவினர் இருந்தாலோ, அங்கே இருப்பவரின் வழக்கில் சாட்சியாக இருந்தாலோ மறைக்காமல் எழுதுங்கள். பின்னால் தெரியவந்தால் முழுக் குழுவின் அனுமதியும் போய்விடும்.

4. மனுவை நேரில் கொடுத்து, ஒப்புதல் முத்திரை பெற்ற நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் போகும் திட்டமென்றால் மனு மேலிடத்துக்குப் போகும். சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் தலைமை அலுவலகம் எழும்பூரில் இருக்கிறது. பதில் வர வாரங்கள் ஆகலாம். நடுவே நல அலுவலரை ஒருமுறை போய்ப் பாருங்கள். அவர்தான் உங்களுக்கும் சிறைக்கும் பாலம்.

5. அனுமதிக் கடிதம் வந்ததும் அதில் எழுதியிருக்கும் பெயர், தேதி, நேரம் மூன்றையும் வரிவரியாகப் படியுங்கள். கடிதத்தில் பெயர் இல்லாத ஆளை ‘வாசலில் பேசிக்கொள்ளலாம்’ என்று கூட்டிப் போகாதீர்கள்.

காரியம் விரைவாக நடக்க வாசலில் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள், சிரித்துக்கொண்டே கேட்டாலும்கூட. ஒருமுறை கொடுத்தவரால் பிறகு எதையும் மறுக்க முடியாது.

முதல் நாள்

முந்தின இரவே பையைக் காலி செய்யுங்கள். செல்போன், ஸ்மார்ட் கைக்கடிகாரம், பென் டிரைவ், தீப்பெட்டி, பிளேடு, சூயிங்கம், மாத்திரை எதுவும் உள்ளே போகக் கூடாது. உங்களுக்குச் சர்க்கரை நோய் மாத்திரை வேண்டுமென்றால் வாசலிலேயே சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். தடைசெய்த பொருளை உள்ளே கொண்டுபோவது 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டம் 42ஆம் பிரிவின்படி குற்றம். ‘தெரியாமல் பையில் இருந்துவிட்டது’ என்பதைக் கேட்டுக் கேட்டுக் காவலர்களுக்கு அலுத்துப்போயிருக்கும். காக்கி நிறச் சட்டை போடாதீர்கள், தூரத்தில் இருந்து பார்த்தால் பணியாளர் போலத் தெரியும். நகை வேண்டாம். பைபிள் எடுத்துப் போனால் நடுவில் செருகியிருக்கும் ஜெபச் சீட்டு, பழைய ரசீது எல்லாவற்றையும் உதறிவிட்டு எடுத்துப் போங்கள். சோதனையில் ஒவ்வொரு தாளையும் விரித்துப் பார்ப்பார்கள்.

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே வாசலில் இருங்கள். சோதனை போடும்போது முகம் சுளிக்கக் கூடாது. உங்களுக்கு மாதம் ஒருமுறைதான் இந்தச் சோதனை, உள்ளே இருப்பவரின் தாய்க்கு ஒவ்வொரு மனுவுக்கும் உண்டு.

உள்ளே போனதும் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. உங்களைக் கூட்டிப் போகிற காவலரின் பெயரைக் கேட்டு, வணக்கம் சொல்லுங்கள். கூட்டம் முடிகிறவரை அவர் கண்ணில் படுகிற மாதிரி இருங்கள்.

2. உட்காரும்போது கதவுக்கும் உங்களுக்கும் இடையில் கூட்டம் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது சத்தம், தள்ளுமுள்ளு என்றால் எழுந்து காவலர் சொல்கிற பக்கம் போக வேண்டும். சமாதானம் பண்ணப் போகாதீர்கள்.

3. ‘விருப்பம் இல்லாதவர்கள் போகலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். ஓரிருவர் எழுந்து போவார்கள், போகட்டும். சிறையில் கூட்டத்துக்கு வருவதே அறையைவிட்டு வெளியே வரக் கிடைக்கும் ஒரு சாக்கு. அதை மனமாற்றம் என்று எண்ணிக் கணக்கு எழுதாதீர்கள்.

4. பாட்டு ஒன்று, ஜெபம் ஒன்று, பத்து நிமிடப் பேச்சு. அவ்வளவு போதும். மீதி நேரத்தை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

5. முடிக்கும்போது அடுத்த முறை வரும் தேதியைச் சொல்லுங்கள். உறுதியாக வர முடிகிற தேதியை மட்டும்.

ஐந்தாவதுதான் மிக முக்கியம். உள்ளே இருப்பவருக்கு வாய்தா தேதியும் நீங்கள் சொன்ன தேதியும் ஒரே மாதிரி. இரண்டையும் விரல் விட்டு எண்ணுவார். வர முடியாமல் போனால் நல அலுவலருக்குச் சொல்லி, காரணத்தைத் தெரிவிக்கச் செய்யுங்கள்.

பேச்சும் மௌனமும்

என்ன குற்றம் என்று கேட்காதீர்கள். இதை மீறாதவர் நூறில் ஒருவர்தான், நானும் முதல் மாதத்தில் மீறினேன். விசாரணைக் கைதி உங்களிடம் சொல்வது நாளை அவர் வழக்கையே பாதிக்கலாம். நீங்கள் வழக்கறிஞரும் அல்ல, பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவும் அல்ல. நாட்டுச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பே வராதவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ‘நீங்கள் செய்த பாவம்’ என்று அந்த அறையில் ஆரம்பித்தால், செய்யாதவரும் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்.

பேச்சைத் தொடங்கத் தெரியாவிட்டால் ஊரைக் கேளுங்கள். கொக்கிலமேடா, சதுரங்கப்பட்டினமா, திருக்கழுக்குன்றம் பக்கமா என்று கேட்டாலே போதும், மீன் விலையிலிருந்து மகளின் பள்ளிக்கூடம் வரை தானாக வரும்.

ரகசியம் காப்பேன் என்று முழு வாக்கு கொடுக்காதீர்கள். ‘உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்லிவிடுவேன்’ என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சிறைக்கு வந்த முதல் சில நாட்கள் புதியவருக்கு மிக மோசமானவை. ‘இனி இருந்து என்ன’ என்கிற தொனியில் ஒருவர் பேசினால் ஜெபித்துவிட்டு மட்டும் வராதீர்கள். அன்றே, வாசலைத் தாண்டும் முன், பொறுப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டு முகவரி, செல் எண் கொடுக்க வேண்டாம். அமைப்பின் முகவரி போதும்.

எல்லோரும் செய்யும் தவறுகள்

சீட்டு வாங்குவது. ‘வீட்டில் கொடுத்தால் போதும்ண்ணே’ என்று நாலாக மடித்த தாள் ஒன்று கைக்கு வரும். பாசமாகத்தான் இருக்கும், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. சாட்சியை மிரட்டும் வரி இருந்தால் அதைச் சுமந்தவர் நீங்கள். கடிதத்துக்குச் சிறையிலேயே முறை இருக்கிறது. ‘நல அலுவலர் மூலமா அனுப்புங்க தம்பி’ என்று சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

பொருளையும் ஜெபத்தையும் கட்டிப்போடுவது. கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் பிஸ்கட் என்றால், அது பிஸ்கட்டுக்கான கூட்டம். கொடுப்பதானால் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்து, மதம் பாராமல் எல்லோருக்கும் போகும்படி கேட்டுக்கொள்ளுங்கள். சோப்பைவிடப் புத்தகம் நல்லது. சிறை நூலகங்களுக்கு நூல் திரட்டத் துறையே ‘கூண்டுக்குள் வானம்’ என்ற திட்டத்தை நடத்தியிருக்கிறது. கதை, சட்டம், தொழிற்கல்வி, அகராதி எல்லாம் கொடுக்கலாம். பக்தி நூல் ஏற்கெனவே நிறைய இருக்கும்.

உள்ளேயே ஞானஸ்நானம் என்று அவசரப்படுவது. கட்டாய மதமாற்றத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2002இல் வந்த சட்டம் 2004இலேயே திரும்பப் பெறப்பட்டுவிட்டது, உண்மைதான். ஆனால் இங்கே கேள்வி சட்டம் மட்டுமல்ல. அறையைப் பூட்டும் சாவி தன்னிடம் இல்லாதவரின் ‘சரி’யை எவ்வளவு எடை போடுவது? வெளியே வந்து ஒரு வருடம் கழித்தும் அவர் கேட்டால் கொடுங்கள்.

படம் எடுப்பது, சாட்சி சொல்ல வைப்பது. விடுதலையாகி ஒரு மாதம்கூட ஆகாதவரை மேடையில் ஏற்றி, மைக்கைக் கொடுத்து, பழைய கதையைச் சொல்ல வைத்துக் காணிக்கை எடுக்கிறோம். அந்த வீடியோ அவர் வேலை கேட்டுப் போகிற இடத்துக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவர் ஊர்ப்பெயர்கூடச் சபை மலரில் வரக் கூடாது என்பது என் கட்சி.

மன்னிப்பை அவசரப்படுத்துவது. மத்தியப் பிரதேசத்தில் 1995 பிப்ரவரி 25 அன்று அருட்சகோதரி ராணி மரியாவைப் பேருந்தில் குத்திக் கொன்ற சமுந்தர் சிங்கை, ராணி மரியாவின் தங்கை செல்மி பால் சிறையிலேயே சந்தித்து ராக்கி கட்டினார். நடந்தது 2002இல், கொலை நடந்து ஏழு ஆண்டுகள் கழித்து. அதற்குமுன் ஒரு குரு அந்த மனிதரைத் தொடர்ந்து போய்ப் பார்த்து வந்தார். 2006இல் சமுந்தர் சிங் விடுதலையானார். இந்தக் கதையைச் சிறையில் எல்லோரும் சொல்கிறார்கள், அந்த ஏழு வருடத்தை விட்டுவிட்டு. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வீட்டுக் கதவை நீங்களாகப் போய்த் தட்டாதீர்கள்.

சிறுவர் இல்லம்

செங்கல்பட்டுக்கும் சிறுவர் சீர்திருத்த நிலையத்துக்கும் உள்ள தொடர்பு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. 2022 டிசம்பர் கடைசியில் இங்குள்ள கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். இல்ல ஊழியர்கள் கைதானார்கள். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்து, 2023இல் அரசு அறிக்கை பெற்றது. இங்கே போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இங்கே ‘கைதி’ என்ற சொல்லே கிடையாது. இவர்கள் சட்டத்தோடு முரண்பட்ட குழந்தைகள். அனுமதிக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள், சிறைத்துறையை அல்ல. எப்போதும் இரண்டு பெரியவர்களாகப் போங்கள். எந்தப் பையனோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். பெயர், முகம், ஊர், பள்ளி எதையும் வெளியே சொல்வது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஜெபக் குறிப்பில்கூடப் பெயர் எழுதாதீர்கள். உடம்பில் காயம் பார்த்தாலோ, அடிக்கிறார்கள் என்று ஒரு பையன் சொன்னாலோ 1098க்குச் சொல்லுங்கள். அனுமதி போய்விடுமே என்று யோசிக்கிற இடம் அல்ல அது.

பிரசங்கம் இங்கே எடுபடாது. கேரம் போர்டும் கணக்குப் பாடமும் எடுபடும்.

வழக்குக்கு எவ்வளவு உதவலாம்?

வழி காட்டலாம், வழக்காடக் கூடாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை கொஞ்சம்தான்.

காவலில் இருக்கும் எவருக்கும் இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவு அதைத் தருகிறது. வருமானச் சான்று தேவையில்லை. செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் குடும்பத்தை நேரில் கூட்டிப் போங்கள். தொலைபேசி என்றால் 15100.

இதற்குமுன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு நாட்களை விசாரணைக் காவலிலேயே கழித்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும் என்கிறது 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 479ஆம் பிரிவு. மற்றவர்களுக்குப் பாதி. மரணமோ ஆயுளோ தண்டனையாகக் கிடைக்கக்கூடிய வழக்குக்கு இது பொருந்தாது, வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். கைதான தேதியையும் சட்டப் பிரிவையும் குடும்பத்திடம் கேட்டு எழுதி, ஆணைக்குழுவின் வழக்கறிஞரிடம் கொடுங்கள். நாள் கணக்கை அவர் பார்த்துக்கொள்வார்.

ஜாமீன் கிடைத்தும் பணமில்லாமல் உள்ளேயே இருப்பவருக்கு, 2023இல் வந்த ஏழைச் சிறைவாசிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் பண உதவி உண்டு. அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கும் உண்டு. இதற்கும் வழி அதே ஆணைக்குழுதான்.

எச்சரிக்கை: நீங்களே ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் வாய்தாவுக்கு வராவிட்டால் உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். பிறகு சபையில் ஒருவரும் இந்தப் பணிக்குப் பெயர் கொடுக்க மாட்டார்கள்.

குடும்பம்

சிறைவாசி கேட்டுக்கொண்டால் மட்டும் வீட்டுக்குப் போங்கள். ஆண்கள் இருவராகப் போய் வாசலில் நிற்காமல், குழுவில் ஒரு பெண்ணும் இருக்கட்டும். கடலுக்குப் போகிற வீடென்றால் காலையில் போகாதீர்கள், படகு கரை சேர்ந்து மீன் ஏலம் போகிற நேரம் அது. பிற்பகல் நல்லது. கையில் பைபிளைத் தூக்கிக்கொண்டு, தெருவே பார்க்கும்படி ‘ஜெயிலிலிருந்து வருகிறோம்’ என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்கு அப்பா எங்கே போயிருக்கிறார் என்று அந்த வீட்டில் என்ன சொல்லி வைத்திருக்கிறார்களோ, அதுவே உங்களுக்கும் பதில்.

முதலில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று பாருங்கள். அடுத்து, மாதம் ஒருமுறை புழலுக்குப் போய்வரும் செலவு. சபையால் வேறொன்றும் முடியாவிட்டாலும் இந்தப் பேருந்துக் காசை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். நாற்பது நிமிடப் பிரசங்கத்தைவிட அந்த மனிதருக்கு அது பெரிது. தாயும் சிறையில் இருந்தால் ஆறு வயது வரை குழந்தை அவளோடு உள்ளேயே இருக்கலாம். ஆறு முடிந்ததும் எங்கே போகும் என்ற கேள்வியை ஐந்து வயதிலேயே எழுப்புங்கள்.

விடுதலை நாள்

நிறையப் பேரை நாம் இழப்பது இந்த ஒரு நாளில்தான். ஜாமீன் உத்தரவு வந்து சேர்ந்து, பதிவுகள் முடிந்து ஆள் வெளியே வரும்போது பெரும்பாலும் மாலை ஆகிவிடும். வாசலில் அவருக்காக யாரும் நிற்காவிட்டால் பழைய கூட்டாளி நிற்பான். அவன் பேச்சை ஆரம்பிக்கிற இடம் டாஸ்மாக்.

1. விடுதலை எதிர்பார்க்கும் வாரத்தில் வழக்கறிஞரோடும் வீட்டாரோடும் தினமும் பேசுங்கள். ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் ஆள் வெளியே வரவில்லை என்றால், அதை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குச் சிறை தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. தெரிவித்தார்களா என்று கேளுங்கள்.

2. மாற்றுச் சட்டை, செருப்பு, சாப்பாடு, வீட்டுக்குப் பேச ஒரு செல்போன், இவ்வளவோடு இருவராகப் போங்கள்.

3. நிபந்தனை ஜாமீன் என்றால் எந்தக் காவல் நிலையத்தில், எத்தனை மணிக்குக் கையெழுத்து என்பதை ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி அவர் பையில் வையுங்கள். இன்னொரு நகல் வீட்டாரிடம்.

4. வீடுவரை கொண்டுபோய் விடுங்கள். சாட்சிக் கூட்டத்துக்கு அல்ல. வாசலோடு திரும்பிவிடுங்கள், அந்த இரவு அவர்களுடையது.

5. மூன்றாம் நாள் போய்ப் பாருங்கள், பிறகு பத்தாம் நாள், பிறகு மாதம் ஒருமுறை. வேலைக்கு யாரிடம் சொல்வதானாலும் அவர் எங்கிருந்து வருகிறார் என்பதை அவர் சம்மதத்தோடு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்து விரட்டப்படுவதைவிட அது மேல்.

தென் திசைப் பேருந்துகளில் பெரும்பாலானவை இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. இரவில் புழலிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்து, அங்கிருந்து செங்கல்பட்டுக்கோ மாமல்லபுரத்துக்கோ கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இப்போதே விசாரித்து டைரியில் குறித்துக்கொள்ளுங்கள்.